குளித்து முடித்த மூன்று நிமிடம்

ஐம்பதைத் தாண்டிய பெண் குளித்துவிட்டு வந்து கொஞ்சம் கிரீம் எடுத்துக் கையில் தேய்த்துக்கொண்டால் வீட்டில் யாராவது ஒருவர் சிரிப்பார். "இந்த வயசில் என்ன சிங்காரம்?" என்று வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் அந்தச் சிரிப்பில் அது இருக்கும். அதே பெண் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தால் யாரும் சிரிப்பதில்லை. முழங்கால் உடம்பைச் சேர்ந்தது, தோல் அழகைச் சேர்ந்தது என்று எப்படியோ பிரித்து வைத்துவிட்டோம். அந்தப் பிரிவினைக்குப் பயந்துதான் பல பெண்கள் ராத்திரி விளக்கணைந்த பிறகு சீப்பால் முதுகைச் சொறிந்துகொண்டு படுத்திருக்கிறார்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எழுபதைத் தாண்டியாயிற்று. பிறந்து வளர்ந்து வேலை பார்த்ததெல்லாம் பாளையங்கோட்டைப் பக்கம். இப்போது சென்னையில் மகன் வீட்டில் இருக்கிறேன். வார்டில் வேறு எதற்காகவோ வந்து படுத்திருக்கும் பெண்களின் காலைத் துடைத்துவிடும்போது பார்ப்பேன். முழங்காலுக்குக் கீழே தோல் வெளுத்து, பொரிந்து, நகம் பட்ட இடமெல்லாம் கோடு கோடாக இருக்கும். சில இடங்களில் சொறிந்து சொறிந்து புண்ணாகி, அதன் மேல் பொருக்குத் தட்டியிருக்கும். "இது எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டால், "அது கெடக்கு சிஸ்டர், வயித்து வலிக்கு ஏதாவது குடுங்க" என்பார்கள். அப்படிக் கிடப்பில் போட்ட சமாச்சாரத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வரவில்லை என்றால் அது நின்றுவிட்டது என்று கணக்கு. நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் இது நடக்கிறது. மேலைநாடுகளில் 51-ஐ ஒட்டி. நிற்பதற்குச் சில வருடங்கள் முன்பிருந்தே உடம்பு தடுமாற ஆரம்பித்துவிடும். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கர்ப்பப்பைக்காக மட்டும் சுரப்பது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தோலிலும் அதற்கு நிறைய வேலை உண்டு. நீரைப் பிடித்து வைக்கும் ஹயலுரானிக் அமிலம், இறுக்கம் தரும் கொலாஜன், மேலே மினுமினுப்பைத் தரும் எண்ணெய்ப் பசை எல்லாம் அதன் தயவில் இருப்பவை. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து வருடத்துக்குள் தோலின் கொலாஜனில் ஏறத்தாழ 30 சதவீதம் போய்விடுகிறது, அதன் பிறகு வருடத்துக்கு 2 சதவீதம் போலக் குறைகிறது என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. ஆண்களுக்கும் வயதானால் தோல் வறளத்தான் செய்யும். அவர்களுக்கு அது மெல்ல மெல்ல வரும். நமக்கு ஐந்தே வருடத்துக்குள் பெரிய சரிவு. "போன வருஷம் வரைக்கும் நல்லாத்தானே இருந்தேன்" என்று பெண்கள் திகைப்பது அதனால்தான்.

தோலின் மேலடுக்கை ஒரு செங்கல் சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்து தட்டையான செல்கள் செங்கல்; அவற்றின் நடுவே இருக்கும் செராமைடு முதலிய கொழுப்புகள் சாந்து. சாந்து உதிர உதிர உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகும், வெளியே இருக்கும் சோப்பும் வியர்வை உப்பும் உள்ளே போய்க் குத்தும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தடிப்பு இருக்காது, சிவப்பு இருக்காது. நமைச்சல் மட்டும் இருக்கும். அதனால் சொன்னாலும் யாரும் நம்புவதில்லை.

என் தம்பி மனைவிக்கு இது வந்தபோது அவளுக்கு 49 வயது. "மைனி, லைட்ட அணைச்சாப் போதும், முதுகு பூரா எறும்பு ஊருது. எந்திரிச்சுப் பாத்தா ஒண்ணையும் காணோம்" என்று போனில் அழுதாள். படுக்கையை வெயிலில் போட்டாள், தலையணை உறைகளை வெந்நீரில் முக்கினாள், கட்டிலுக்கு மூட்டைப்பூச்சி மருந்துகூட அடித்தாள். அக்கம்பக்கத்தில் யாரோ செய்வினை என்று சொல்லி, அதற்கு ஒரு செலவும் ஆனது. எறும்பு ஊர்வது போன்ற இந்த உணர்ச்சி மாதவிடாய் நிற்கிற வயதில் வருவதுண்டு என்று டாக்டர்களுக்குத் தெரியும். நமக்குத்தான் யாரும் சொல்வதில்லை. ராத்திரியில் தோல் வழியாக நீர் ஆவியாவது கூடுகிறது, படுக்கைச் சூட்டில் நமைச்சல் ஏறுகிறது, அரிப்பை அடக்கி வைக்கும் கார்ட்டிசால் சுரப்பும் அந்த நேரத்தில் குறைவு. போதாததற்குப் பகலில் அடுப்பும் பாத்திரமும் நம்மை மறக்கடித்துவிடும். படுத்த பிறகு மறப்பதற்கு ஒன்றும் இருப்பதில்லை.

இனிக் குளியலறைக்குள் போவோம். வறட்சி பாதி அங்கேதான் உண்டாகிறது, பாதி அங்கேதான் தீருகிறது.

அரிக்கிற உடம்பில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினால் சுகமாக இருக்கும். அந்தச் சுகம் பத்து நிமிடம். வெந்நீர் தோலில் மிஞ்சியிருக்கிற கொழுப்பைக் கரைத்துக்கொண்டு போய்விடும், துவட்டி முடிப்பதற்குள் அரிப்பு இரண்டு பங்காகத் திரும்பும். முழங்கையில் ஊற்றிப் பார்த்தால் சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது. அந்தப் பதம் போதும். ஐந்து நிமிடம், மிஞ்சினால் பத்து நிமிடம்.

சோப்பு விஷயம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் தோல் லேசான அமிலத்தன்மை உள்ளது, பி.எச். அளவில் 5-ஐ ஒட்டி இருக்கும். சாதாரணச் சோப்பு 9, 10 என்று காரப் பக்கம் நிற்கிறது. இளவயதில் சோப்பு போட்ட சில மணி நேரத்தில் தோல் தன் பதத்துக்குத் திரும்பிவிடும். ஐம்பதுக்கு மேல் அது சுணங்குகிறது. சோப்பு உறையில் டி.எஃப்.எம். என்று ஒரு சதவீதம் அச்சடித்திருப்பார்கள். கொழுப்பு எவ்வளவு என்பதன் அளவு அது. 76-க்கு மேல் இருந்தால் முதல் தரம், 70 இரண்டாம் தரம், 60 மூன்றாம் தரம். "பாத்திங் பார்" என்று போட்டிருந்தால் அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். சோப்புதான் வேண்டும் என்பவர்கள் எண் பெரிதாக இருப்பதை எடுங்கள், வாசனை குறைவாக இருப்பதை எடுங்கள். முதல் தரமும் காரம்தான் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். சோப்பே கலக்காத கிளென்சர் என்று மருந்துக்கடையில் இப்போது கிடைக்கிறது. நுரை வராது. நுரை வராவிட்டால் அழுக்குப் போகவில்லை என்று நம் மனசு நினைக்கும், பழகிவிடும்.

எதை வாங்கினாலும் உடம்பு பூராவும் போட வேண்டியதில்லை. அக்குள், தொடை இடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்குத் தினமும் போதும். கை, கால், முதுகு, வயிற்றில் தண்ணீர் மட்டும் ஊற்றினாலே சுத்தமாகிவிடும். வயலிலோ தூசியிலோ வேலை செய்து வந்த நாளில் போட்டுக்கொள்ளலாம். மாதவிடாய் நிற்கிற காலத்தில் திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கும். சென்னை வெயிலோடு அதுவும் சேர்ந்தால் இரண்டு தடவை குளிக்காமல் இருக்க முடியாது. இரண்டாவது குளியல் வெறும் தண்ணீராக இருக்கட்டும்.

தாமிரபரணித் தண்ணீரில் குளித்து வளர்ந்தவளுக்குச் சென்னைப் போர் தண்ணீர் வேறு உலகம். வாளியின் உள்பக்கம் வெள்ளையாகப் படிகிற உப்பு, சோப்போடு சேர்ந்து நம் காலிலும் படிகிறது. நுரை வராததால் இன்னும் கொஞ்சம் சோப்பு போடுவோம், அது இன்னும் கொஞ்சம் படியும். வாட்டர் சாஃப்டனர் வைக்க வசதியில்லாத வீட்டில் ஒரு வழி இருக்கிறது. குளித்து முடித்து, மாநகராட்சித் தண்ணீரோ லாரித் தண்ணீரோ இருந்தால் கடைசிச் சொம்பு இரண்டை அதில் ஊற்றிக்கொள்வது.

பீர்க்கங்காய் நாரை நம் ஆட்கள் விடவே மாட்டார்கள். நார் போட்டுத் தேய்த்து, உருண்டு உருண்டு வருவதைப் பார்த்து "எவ்வளவு அழுக்கு பாரு" என்று திருப்திப்படுவார்கள். அதில் பெரும்பகுதி தோல். இருக்கிற மேலடுக்கையே உருட்டி எடுத்துச் சாக்கடையில் விட்டுவிட்டு, ராத்திரி அரிக்கிறதே என்று அழுவதில் நியாயம் இல்லை. நலங்கு மாவு, பயத்தம் மாவு எனக்கும் பிடிக்கும். பூலாங்கிழங்கும் கஸ்தூரி மஞ்சளும் வெட்டிவேரும் சேர்ந்த அந்த வாசனைக்கு எந்தச் சோப்பும் ஈடாகாது. ஆனால் மாவு எண்ணெயை உறிஞ்சக்கூடியது. வாரத்தில் ஒருநாள், நைசாகச் சலித்து, பாலாடையில் குழைத்துப் பூசி, தேய்க்காமல் கழுவுங்கள். முகத்தில் காய்ந்து இறுகும்வரை வைத்திருக்கும் வேலை இருபது வயதுக்காரிகளுக்கு.

அரிப்புக்கென்று வீட்டில் கை போகிற பொருள்கள் சில உண்டு. குளிக்கிற தண்ணீரில் கிருமிநாசினி ஊற்றுவது, குளித்ததும் பவுடர் கொட்டுவது, இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு லோஷன் இருக்குமே, கலமைன், அதைப் பூசுவது. மூன்றுமே தோலை இன்னும் காய வைப்பவை. கலமைன் வேர்க்குருவுக்கு நல்ல மருந்து. வறண்ட தோலுக்கு அது ஆகாது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். குளித்து, துண்டால் ஒற்றி எடுத்த உடம்பில் ஈரம் லேசாக இருக்கும்போதே எண்ணெயோ கிரீமோ போட்டுவிட வேண்டும். மூன்று நிமிடத்துக்குள் என்று தோல் டாக்டர்கள் சொல்வார்கள். அதற்குப் பிறகு அந்த ஈரம் காற்றில் போய்விடும், போகும்போது உள்ளே இருப்பதையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். எண்ணெயில் தண்ணீர் கிடையாது. இருக்கிற ஈரத்தை மூடிவைக்கத்தான் அதற்குத் தெரியும். காய்ந்து போன காலில் சாயங்காலம் உட்கார்ந்து எண்ணெய் தேய்த்தால் மினுக்கும், அரிப்பு அப்படியே இருக்கும். "நானும் தேய்க்கத்தான் செய்றேன், ஒண்ணும் கேக்கலை" என்பவர்களில் பெரும்பாலோர் நேரம் தப்பித் தேய்ப்பவர்கள்.

எண்ணெய்க் குளியலை வைத்து நம்மவர்கள் வாதாடுவார்கள். வெள்ளிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்து ஊறிக் குளிப்பது நல்ல பழக்கம்தான், நானும் விடவில்லை. தலைக்கும் மனசுக்கும் அது நல்லது. உடம்புத் தோலுக்கு என்று பார்த்தால், முன்னால் தேய்த்த எண்ணெயை அரப்பும் சீயக்காயும் வெந்நீரும் வழித்துக்கொண்டு போய்விடுகின்றன. அன்றைக்கும் குளித்த பின் கை, காலுக்கு நாலு சொட்டு தடவிக்கொள்ளத்தான் வேண்டும்.

எந்த எண்ணெய் என்று கேட்கிறீர்களா? தேங்காய் எண்ணெய் போதும். 2004-இல் வெளியான பிலிப்பைன்ஸ் ஆய்வு ஒன்றில், வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெயும் மினரல் ஆயிலும் ஒரே அளவுக்குப் பலன் தந்தன. நல்லெண்ணெயும் சரிதான். முகத்தில் தேங்காய் எண்ணெய் சிலருக்குப் பரு கிளப்பும், அங்கே வேண்டாம். வளைகுடாவிலிருந்து வருகிற பிள்ளைகள் ஆலிவ் எண்ணெய் டின்னைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தோலின் மேலடுக்கை அது பலவீனப்படுத்துகிறது என்று 2013-இல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வு வந்தது.

எண்ணெய்க்கு அடங்காத வறட்சி என்றால் வாசலின். 1872-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற சரக்கு. இன்னும் அதைத் தாண்டி ஈரத்தை மூடிவைக்கிற பொருள் சுலபத்தில் கிடையாது. பிசுபிசுப்புப் பிடிக்காதவர்கள் மருந்துக்கடையில் கிளிசரினோ, செராமைடோ, யூரியாவோ கலந்த கிரீம் கேட்கலாம். வெறும் கிளிசரினை அப்படியே பூசினால் எரியும். நம் அம்மாக்கள் பன்னீரில் கலந்து வைத்துக்கொண்டார்களே, அது சரியான முறை. அதையும் ஈரத்தோலில் பூசி, மேலே ஒரு சொட்டு எண்ணெய். பாட்டில் அழகாக இருப்பதற்கும் விலைக்கும் தோலின் ஈரத்துக்கும் சம்பந்தம் இல்லை. கொலாஜன் பொடி கலக்கிக் குடிக்கச் சொல்லும் விளம்பரங்களுக்கு நான் பணம் கொடுக்க மாட்டேன். அந்தக் காசுக்கு முட்டையும் மத்தி மீனும் பருப்பும் வாங்கலாம். தண்ணீர் நிறையக் குடித்தால் தோல் நனையும் என்பதும் பாதி உண்மைதான். தாகத்துக்குக் குடியுங்கள். குடம் குடமாகக் குடித்தாலும் சாந்து உதிர்ந்த சுவரில் அது நிற்காது.

இதில் காசு பெரிய விஷயமே இல்லை. அந்த மூன்று நிமிடம்தான் கிடைக்காது. ஒரு குளியலறை உள்ள வீட்டில் காலை ஏழரை மணிக்கு ஒரு பெண் உள்ளே போனால், தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்ற மறுநொடி கதவு தட்டப்படும். பேரனுக்கு ஸ்கூல் வேன் வந்துவிடும், அவருக்கு ஆபீஸ், அடுப்பில் குக்கர். ஈரப் புடவையைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து சட்னிக்குத் தாளிப்பவளிடம் ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தடவு என்று சொன்னால் அவள் சிரிப்பாள். நான் என் மருமகளிடம் சொன்னது இது: எல்லாரும் போன பிறகு குளி. பூஜை தாமதமானால் சாமி கோபித்துக்கொள்ளாது. எண்ணெய்க் கிண்ணத்தைக் குளியலறை ஜன்னலிலேயே வை, வெளியே வந்து தேடாதே. வேலைக்குப் போகிற பெண்கள் ராத்திரிக் குளியலை முக்கியக் குளியலாக மாற்றிக்கொள்ளலாம். அரிப்பு ராத்திரியில்தானே வருகிறது.

கைகளுக்கு வேறு கதை. பாத்திரம் தேய்க்கிற சோப்பு குளிக்கிற சோப்பைவிடக் காரமானது. அதோடு வெங்காயம், பூண்டு, புளி, துணி சோப்பு. விரல் நுனி பிளந்து, மஞ்சள் தூள் பட்டால் சுரீர் என்கிறதா? ரப்பர் கையுறை போடுங்கள், உள்ளே மெல்லிய பருத்தி உறையோடு. ஒவ்வொரு முறை கையைக் கழுவிய பிறகும் துடைத்துவிட்டு ஒரு சொட்டு எண்ணெய். அடுப்பு மேடையில் எண்ணெய்க் கிண்ணம் எப்படியும் இருக்கிறது.

புடவை கட்டுகிறவர்கள் இடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாவாடை நாடா வருடக்கணக்காக ஒரே இடத்தில் இறுக்கி, அங்கே கறுத்து, தோல் தடித்து, செதில் உதிரும். வறண்ட வயதில் அது புண்ணாகிறது. ஆறாமல் வருடக்கணக்கில் கிடந்த அப்படிப்பட்ட புண் அபூர்வமாகப் புற்றுநோயாக மாறியதை இந்திய டாக்டர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கயிறு நாடாவுக்குப் பதில் பட்டையான துணி நாடா, தினமும் கொஞ்சம் மேலேயோ கீழேயோ மாற்றிக் கட்டுவது, வீட்டில் இருக்கும்போது நைட்டி. இதற்கு மேல் வைத்தியம் தேவைப்படாது. புண் ஆறவில்லை என்றால் மட்டும் காட்ட வேண்டும்.

குதிகால் வெடிப்புக்கு பிளேடு எடுக்காதீர்கள். வெந்நீரில் அல்லாமல் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, துடைத்து, 10 முதல் 20 சதவீதம் யூரியா கலந்த கிரீமைப் பூசி, பருத்தி சாக்ஸ் மாட்டிப் படுங்கள். கால் விரல் இடுக்கில் போட வேண்டாம், அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண். சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த வெடிப்பு வழியாகத்தான் கிருமி உள்ளே போகிறது. கால் இழந்தவர்கள் பலருடைய கதை ஒரு சின்ன வெடிப்பில் ஆரம்பித்ததை வார்டில் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, நம் பெண்கள் யாரிடமும் வாய் திறக்காத ஒன்று. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது பிறப்புறுப்பின் உட்தோலும் மெலிந்து வறண்டுபோகும். எரிச்சல், அரிப்பு, கணவனோடு சேரும்போது வலி, அடிக்கடி நீர்க்கடுப்பு, மூத்திரம் அடக்க முடியாமை எல்லாம் இதன் கூட்டாளிகள். மாதவிடாய் நின்ற பெண்களில் பாதிப் பேருக்காவது இது இருக்கும். மற்ற இடத்து வறட்சி எண்ணெய்க்கு அடங்கும். இது தானாகச் சரியாவதில்லை, விட்டால் கூடும். ஆனால் டாக்டரிடம் போகிற பெண் என்ன சொல்கிறாள்? "யூரின் போறப்ப எரியுது." அவர் ஆன்டிபயாட்டிக் எழுதுகிறார். அடுத்த மாதம் மறுபடி எரியும், மறுபடி மாத்திரை. "உள்ளே வறண்டு போய் எரியுது, மாசம் நின்னு இத்தனை வருஷம் ஆச்சு" என்ற வாக்கியத்தைச் சேர்த்துச் சொன்னால் வைத்தியமே வேறு. அந்த இடத்துக்கென்றே குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் இருக்கிறது. அதிலிருந்து ரத்தத்தில் கலப்பது மிகச் சொற்பம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் அதைத் தொடங்கும் முன் தங்கள் புற்றுநோய் டாக்டரைக் கேட்க வேண்டும். ஹார்மோன் இல்லாத ஈரப்பசை மருந்துகளும் உண்டு.

அந்த இடத்தில் சோப்பு வேண்டாம், டெட்டால் வேண்டாம், வாசனைத் திரவம் வேண்டவே வேண்டாம். வெறும் தண்ணீர் போதும். வெளியே வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்து தாங்க முடியாமல் அரித்தால் அது வேறு நோய், டாக்டர் பார்த்தாக வேண்டும். மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கல்யாணம், திருவிழா, பேத்தி சடங்கு எதற்காகவும் அதைத் தள்ளிப்போடக் கூடாது. லேடி டாக்டர்தான் வேண்டும் என்று கேட்பதில் கூச்சமில்லை. மகளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பேசுவதிலும் தப்பில்லை.

எல்லா அரிப்பையும் வயதின் மேல் போட்டுவிடவும் கூடாது. தைராய்டு குறைவு, சர்க்கரை, ரத்தச் சோகை, சிறுநீரகக் கோளாறு, ஈரல் கோளாறு எல்லாமே தோலை வறள வைத்தோ வைக்காமலோ அரிக்கச் செய்யும். மூன்று வாரம் ஒழுங்காகக் குளியலும் எண்ணெயும் கவனித்தும் அரிப்பு நிற்கவில்லையா, ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளிலேயே செய்வார்கள். வீட்டில் எல்லாருக்கும் ராத்திரி அரிக்கிறது, விரல் இடுக்கில் பொரி இருக்கிறது என்றால் அது சிரங்கு. மார்பின் அடியிலும் தொடை இடுக்கிலும் வட்டம் வட்டமாக இருந்தால் படர்தாமரை.

இங்கேதான் பெரிய கண்ணி இருக்கிறது. "அரிப்புக்கு ஒரு டியூப் குடுங்க" என்று கடையில் கேட்டால் ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்த களிம்பு ஒன்றைத் தூக்கித் தருவார்கள். முதல் நாளே அரிப்பு நின்றுவிடும். அதனாலேயே அது ஆபத்து. ஏற்கெனவே மெலிந்த தோலை இன்னும் மெலிய வைக்கும், நரம்பு தெரியும், லேசாக இடித்தாலும் கன்றிப்போகும். படர்தாமரை மேல் போட்டால் அது மறைந்து பரவும். ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதியை இறுக்கியது. கடைக்குக் கடை அது எப்படி நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். முகம் வெளுக்கும் கிரீம்களைத் தொடவே வேண்டாம். 2023-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் பாதரசம் கலந்த அப்படிப்பட்ட கிரீம்களைப் பூசியவர்கள் சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள்.

எண்ணெயும் வாசலினும் சாதுவான பொருள்கள்தான், இரண்டு இடத்தில் தவிர. ஒன்று, தரை. மாதவிடாய் நின்றவளுக்குத் தோலோடு எலும்பும் மெலிகிறது. உள்ளங்காலில் எண்ணெய் தடவிக்கொண்டு ஈர டைல்ஸில் ஒரு எட்டு வைத்தால் இடுப்பு எலும்புக்கு உத்தரவாதம் இல்லை. குளியலறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து கை, உடம்பு, தொடை என்று தடவுங்கள். முழங்காலுக்குக் கீழேயும் பாதத்தையும் கட்டிலுக்கு வந்து கடைசியாக. தடவியதும் சாக்ஸ். இரண்டாவது, நெருப்பு. வாசலினோ எண்ணெயோ ஊறிக் காய்ந்த துணி சாதாரணத் துணியைவிட வேகமாகப் பற்றிக்கொள்ளும். உடம்பில் தடவிக்கொண்டு அதே நைட்டியோடு கேஸ் அடுப்பு முன்னாலும் குத்துவிளக்கு முன்னாலும் நிற்காதீர்கள். அந்த நைட்டியைச் சூடான தண்ணீரில் துவையுங்கள். எவ்வளவு துவைத்தாலும் கொஞ்சம் பசை மிஞ்சத்தான் செய்யும், கவனமும் மிஞ்ச வேண்டும்.

கடைசியாக முதுகு. அரிப்பு அதிகம் உள்ள இடமும் அதுதான், கை எட்டாத இடமும் அதுதான். கணவனை இழந்தவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கத் தனியாக இருப்பவர்கள் இதற்கு என்ன செய்வார்கள் என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை. எங்கள் அடுக்குமாடியில் ஓர் அம்மா ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். தோசைக்கல் துடைக்க வைத்திருக்கிற நீளக் கைப்பிடி மரக்கரண்டி மாதிரி ஒன்றின் நுனியில் மெல்லிய பிளாஸ்டிக் உறையைச் சுற்றி, அதன் மேல் பழைய பனியன் துணியைக் கட்டி, கிரீமைத் தொட்டு முதுகில் இழுத்துக்கொள்வது. பிளாஸ்டிக் இருப்பதால் மரம் கிரீமைக் குடித்துவிடுவதில்லை. துணியை வாரம் இரண்டு தடவை மாற்றிவிடுகிறார்கள். உதவிக்கு வருகிற பெண்ணிடம் கேட்கக் கூச்சமாக இருந்ததாம். எனக்கும் ஒன்று கட்டிக் கொடுத்தார்கள், நன்றாகவே எட்டுகிறது.

தம்பி மனைவிக்கு அந்தப் பாடு இல்லை. முதுகு வேலையைத் தம்பியிடம் ஒப்படைக்கச் சொன்னேன். "மைனி, அவுகளையா? இத்தனை வருஷமா ஒரு காபி தம்ளரைக் கழுவி வச்சதில்ல" என்றாள். கேட்டுத்தான் பாரேன் என்றேன். முதலில் அவன் நெளிந்தான், கை பிசுபிசுக்குது என்று முனகினான். போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது பார்த்தால் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை அவனே சூடு பண்ணிக்கொண்டிருக்கிறான். தன்னுடைய கெண்டைக்காலும் வெளுத்துக் கிடக்கிறது என்று அவனுக்கு இப்போதுதான் கண்ணில் பட்டிருக்கிறது. அவளை உட்கார வைத்துத் தேய்த்து முடித்ததும், மிச்ச எண்ணெயைத் தன் காலில் வழித்துக்கொள்கிறான்.